ஏழு புள்ளி நான்கு

கைப்பிடி வைத்த மஞ்சள் சக்கரம்.
சுற்றுக்கு நாலடி, சுற்றுக்கு ஒரு சொடுக்கு.
மே கடைசியிலும் நியூ ஹாம்ப்ஷயரின் வடக்குச் சரிவுகளில்
பனி அழுக்காகக் கிடக்கும்.
அதன்மேல் உருட்டிக்கொண்டு போனாள் லொரெய்ன் திபோடோ.
எண்களை எழுதியபடி பின்னால் நான்.

வேர் வந்தால் சக்கரம் குதிக்கும்,
குதித்த தூரம் கணக்கில் வராது.
பாறை இடுக்கில் மாட்டி அந்தரத்தில் சுழலும்,
யாரும் நடக்காத பத்தடி ஏறிவிடும்.
புதருக்குள்ளிருந்து ஒரு மூஸ் தலை தூக்கியது.
பின்வாங்கினோம். எண்ணும் எங்களோடு பின்வாங்கியது,
முன்னூற்றுப் பன்னிரண்டிலிருந்து முன்னூற்றைந்துக்கு.

பாறைக் குவியலில் சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள்.
"இருநூறு அடி இருக்குமா?"
"இருநூற்றைம்பது போடு. கை வலிக்கிறது."
போட்டேன்.
புள்ளிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற அந்த நான்கில்
அவள் தோள்வலியும் கொஞ்சம் உண்டு.

எவரெட் க்ளூட்டியேவிடம் செயற்கைக்கோள் கருவி.
அவனுக்கு ஏழு புள்ளி ஒன்பது.
உச்சியில் அரை மணி உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறான்.
அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தீர்மானிக்க முடியாமல்
கருவி அவனைச் சுற்றிச் சுற்றித்
தனியே நடந்திருக்கிறது.

வரைபடத்தில் ஆறு புள்ளி ஒன்று.
காகிதம் தட்டை;
மேலேயிருந்து பார்க்கிற காக்கைக்கு மூச்சு வாங்காது.

பழைய பலகையில் ஆறே முக்கால்.
அது சங்கிலி பிடித்து அளந்த காலம்,
வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோவதற்கு முன்,
பீவர்கள் அணை கட்டித் தாழ்நிலத்தைக் குளமாக்குவதற்கு முன்.
குளத்தைச் சுற்றிப் போகும் வழியை
எந்தக் குழுவும் முடிவு செய்யவில்லை.
நனைந்த காலணிகள் முடிவு செய்தன.

தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடினோம்.
லொரெய்னும் எவரெட்டும் முன்பு தம்பதி.
பன்னிரண்டு வருடம் என்பாள் அவள்.
பதினொன்று என்பான் அவன்,
அவள் அக்கா வீட்டிலிருந்த ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு.
வாக்கெடுப்பில் நாலுக்கு மூன்று. சக்கரம் ஜெயித்தது.

ஆகஸ்டில் ஓர் இரவு, ஒன்பதரை.
போனில் விட்டு விட்டு ஒரு பையனின் குரல்:
"கால் மடங்கிவிட்டது. பலகையிலிருந்து சரியாக நாலு மைல்."
சரியாக.
அவன் கைக்கடிகாரம் அப்படிச் சொல்லியிருந்தது.

முதலில் எவரெட் கருவியின் நாலாவது மைல் வந்தது.
பையன் இல்லை.
சற்று மேலே எங்கள் சக்கரத்தின் நாலாவது மைல்.
ஈரப் பாறை, பாதி பழுத்த ப்ளூபெர்ரி,
பையன் இல்லை.
எவரெட் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
நான் குறிப்பேட்டைப் புரட்டினேன், அது ஏதோ ஒளித்து வைத்திருப்பதைப் போல.
லொரெய்ன் விளக்கைக் கீழே வைத்தாள்,
இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.
"ஆர்லோ!"

இடப்பக்கம், கீழேயிருந்து, பதில் வந்தது.
கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான்.

ஆறு பேர் தூக்குப்படுக்கையை மாற்றி மாற்றிப் பிடித்தோம்.
சாண் இறங்க முழம் சறுக்கியது.
"இன்னும் எவ்வளவு தூரம்?" கேட்டுக்கொண்டே வந்தான்.
"கொஞ்சம்" என்றாள் லொரெய்ன்,
நாலு மைலும்.

புதுப் பலகைக்கு எவரெட் வண்ணம் தீட்டினான்.
எண்ணுக்கு முன்னால் 'ஏறக்குறைய' வேண்டும் என்றாள் அவள்.
முதல் தடவையாக அவன் மறுத்துப் பேசவில்லை.
ஆனால் மரம் போதவில்லை.
அதனால் ஒரு நெளிகோடு மட்டும் போட்டான், நீல நிறத்தில்.

இப்போது சிலர் அதை ஓடை என்று நினைத்து
தண்ணீர் நிரப்பாமல் கிளம்பிப் போகிறார்கள்.